செரிமான நொதி மருந்துகள்: எந்த நொதி எதைச் செரிக்கிறது?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 66. கடந்த ஓராண்டாக, மதியச் சாப்பாடு முடிந்த ஒரு மணி நேரத்திற்குள் அவருக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. வாயுவும் இரைச்சலும் மாலை வரை அவரை விடுவதில்லை. தெருமுனை மருந்துக்கடையில் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு செரிமான சிரப்பைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். சாப்பிட்ட பின் இரண்டு தேக்கரண்டி குடித்தால் அன்றைக்குச் சற்றுத் தேவலாம் என்கிறார் அப்பா. மறுநாள் பழைய கதைதான். அந்தப் புட்டியின் மேல் பூஞ்சை டயஸ்டேஸ் (1:1200) 50 மி.கி., பெப்சின் (1:3000) 10 மி.கி. என்று அச்சிட்டிருக்கிறது. விகிதம் போல எழுதியிருக்கும் அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை ஒரு புட்டி மாத்திரை அனுப்பியிருக்கிறாள். அதில் அமைலேஸ், புரோட்டியேஸ், லைபேஸ், லாக்டேஸ், செல்லுலேஸ், ஆல்ஃபா கேலக்டோசிடேஸ், புரோமலைன், பப்பாயின் எனப் பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் உடலில் என்ன வேலை செய்கின்றன, அப்பாவின் வயதில் இவற்றை நாள்தோறும் சாப்பிடலாமா, இத்தனை நொதிகள் சேர்ந்திருப்பது கூடுதல் பலனைத் தருமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். அம்மாவும் அந்த மாத்திரையைச் சாப்பிட ஆசைப்படுகிறார். அவருக்கு இதய வால்வு மாற்றிய பிறகு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


மறுமொழி 1: மருந்தாளர், திருச்சி

வணக்கம் ஐயா. முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரமானது. தங்கை அனுப்பிய மாத்திரையை அம்மா தொட வேண்டாம். அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமலைனும், பப்பாளிக்காயின் பாலிலிருந்து எடுக்கும் பப்பாயினும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை உண்டு. செயற்கை வால்வு உள்ளவருக்கு இரத்தம் உறையும் அளவு சிறிது பிசகினாலும் விளைவு பெரிது. மூலிகைப் பொருள்தானே, பழத்திலிருந்து எடுத்ததுதானே என்று எண்ணிவிட வேண்டாம்.

இனி நொதிகளுக்கு, அதாவது உணவை உடைத்துச் செரிக்க வைக்கும் புரதங்களுக்கு (என்சைம்கள்), வருவோம். எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1894இல் ஓர் ஒப்புமையைச் சொன்னார்: நொதி ஒரு பூட்டு, அது உடைக்கும் பொருள் அதற்குரிய சாவி. ஒரு பூட்டுக்கான சாவி இன்னொன்றைத் திறக்காது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், 'செரிமானத்துக்கு நல்லது' என்று பொதுவாகச் சொல்லி ஒரு நொதியை விற்பதில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது விளங்கிவிடும். எந்த உணவு செரிக்கவில்லை, அதை உடைக்க வேண்டிய எந்த நொதி உடலில் குறைந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்புதான் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அமைலேஸ், டயஸ்டேஸ் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்பவை. சோறு, கிழங்கு, கோதுமை ஆகியவற்றிலுள்ள மாப்பொருளின் நீண்ட சங்கிலியை மால்டோஸ் போன்ற சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. 1833இல் பிரான்சில் பயென், பெர்சோ என்ற இருவர் முளைகட்டிய பார்லியிலிருந்து டயஸ்டேஸைப் பிரித்தெடுத்தார்கள். நொதி என்று இன்று நாம் அழைப்பவற்றுள் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது அதுதான். சிரப்பில் 'பூஞ்சை' டயஸ்டேஸ் என்று இருப்பதற்கு ஜப்பானியரான தகாமினே ஜோகிச்சி காரணம். கோதுமைத் தவிட்டில் கோஜி பூஞ்சையை வளர்த்து அதிலிருந்து டயஸ்டேஸ் எடுக்கும் முறைக்கு அவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதும் அதே 1894இல்தான். செரிமான மருந்தாக அது உலகெங்கும் விற்றது.

நீங்கள் கேட்ட எண்களின் பொருள் இதுதான். 1:1200 என்றால், ஆய்வகச் சோதனையில் ஒரு பங்கு டயஸ்டேஸ் 1200 பங்கு மாப்பொருளைச் செரிக்க வைக்கும் என்று பொருள். ஆகவே 50 மில்லிகிராம், கணக்குப்படி 60 கிராம் மாப்பொருளுக்குப் போதும். பெப்சினின் 1:3000 என்பது, ஒரு பங்கு பெப்சின் 3000 பங்கு வேகவைத்த முட்டை வெள்ளைக்கருவைக் கரைக்கும் என்பதைக் குறிக்கிறது. கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வகக் குடுவை வேறு, வயிறு வேறு. டயஸ்டேஸுக்கு இலேசான புளிப்பு போதும். இரைப்பையின் கடுமையான அமிலத்தில் அதன் வேகம் குறைந்துவிடும். பெப்சினோ அதற்கு நேர்மாறாக, கடுமையான அமிலம் இருந்தால்தான் வேலை செய்யும். இவ்விரண்டையும் ஒரே கரண்டியில் ஊற்றிக் குடிப்பதன் சிக்கலை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதோடு, கணையம் நலமாக இருக்கும் ஒருவருக்கு அமைலேஸ் தேவைக்கு மிக அதிகமாகவே சுரக்கிறது. சோறு செரிக்க அதை வெளியிலிருந்து சேர்க்கத் தேவையில்லை.

பெப்சின் பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சைவ உணவு உண்பவர்களும் இசுலாமியர்களும் இதை அறிந்துகொள்ள உரிமை உள்ளவர்கள். என் அனுபவத்தில் கடைகளில் யாரும் இதை வாய்திறந்து சொல்வதில்லை.

பட்டியலில் மீதமுள்ளவற்றுள் புரோட்டியேஸ் என்பது புரதத்தை வெட்டும் நொதிகளுக்கெல்லாம் பொதுப்பெயர். புரோமலைனும் பப்பாயினும் அந்த இனம்தான். ஆட்டுக்கறி வேகாமல் முரண்டு பிடித்தால் நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, அங்கு வேலை செய்வது பப்பாயின். செல்லுலேஸ் நார்ப்பொருளை உடைப்பது. மனித உடல் அதைச் சுரப்பதே இல்லை, ஆகவே 'குறைபாடு' என்ற பேச்சுக்கே இடமில்லை. லைபேஸ், லாக்டேஸ், ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் மூன்றுக்கும் தெளிவான பயன் உண்டு. ஆனால் அது அவை தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும்தான்.

பல நொதிகள் சேர்ந்தால் பலன் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். 2024 ஆகஸ்டில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. பத்துக்கும் மேற்பட்ட நொதிகளை ஒன்றாகக் கலந்த ஒரு கூட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. அத்தகைய கலவைகளுக்கு மருத்துவ நியாயம் இல்லை என்பதே தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். புட்டியில் எடை மட்டும், அதாவது மில்லிகிராம் மட்டும், போட்டிருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. நொதியை அதன் வேலைத்திறனால் அளக்க வேண்டும். 'அலகு' என்று எத்தனை போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அப்பாவைப் பற்றி மூன்று கேள்விகள்: நீரிழிவு உண்டா, உண்டென்றால் மாத்திரைகளின் பெயர் என்ன? அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? உடல் எடை குறைந்திருக்கிறதா?


மறுமொழி 2: மல்லிகை, ஆசிரியை

என் அனுபவத்தையும் சொல்கிறேன். காலையில் காபி குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் இரண்டாவது பாடவேளைக்குள் எனக்கு வயிறு கடமுடா என்று புரளும். எட்டு ஆண்டுகள் இதை 'வாய்வு' என்றே நினைத்து, உங்கள் அப்பாவைப் போலவே சிரப் குடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு குடல் மருத்துவர் மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் சோதனையைச் செய்யச் சொன்னார். லாக்டோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ஒரு கருவிக்குள் ஊதச் சொன்னார்கள். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் சிறுகுடலில் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிக்கும் லாக்டேஸ் எனக்குக் குறைவு என்பது அப்போதுதான் தெரிந்தது. பிரிக்கப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்து வாயுவாக்கிவிடுகின்றன. அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவருகிறது. எட்டு ஆண்டுகள் நான் குடித்த டயஸ்டேஸுக்கும் பெப்சினுக்கும் லாக்டோஸோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது திருமண வீடுகளில் பாயசம் சாப்பிட நேர்ந்தால் மட்டும், முதல் வாய்க்கு முன் ஒரு லாக்டேஸ் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில், லாக்டோஸ் செரிக்க உதவும் என்று புட்டியில் எழுத வேண்டுமானால் ஒரு வேளைக்குக் குறைந்தது 4500 அலகுகள் இருக்க வேண்டும் என்பது விதி. நான் அந்த அளவைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து விழுங்கினால் பயனில்லை. பால் முன்னே போய்விட்டிருக்கும். அன்றாடத்துக்கு மாத்திரை தேவைப்படவில்லை. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 10 கிராம் லாக்டோஸ் உண்டு. அரைத் தம்ளரை உணவோடு சேர்த்துக் குடித்தால் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. தயிரும் மோரும் தாராளமாக ஒத்துக்கொள்கின்றன, ஏனெனில் உறைய வைக்கும் நுண்ணுயிரிகளே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதோடு, மீதியைக் குடலில் உடைக்கவும் உதவுகின்றன.


மறுமொழி 3: வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் இன்றே சொல்லிவிட்டேன். புட்டியை எடுத்து மேலே வைத்துவிட்டேன்.

ஐயா கேட்டவற்றுக்கு விடை: அப்பாவுக்கு 12 ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. மெட்ஃபார்மின் சாப்பிட்டு வந்தார். சென்ற ஆண்டு சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை கூடியதால், வோக்லிபோஸ் என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். மதியத்துக்கும் இரவுக்கும் முதல் கவளத்தோடு விழுங்குகிறார். காலையில் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் பேன்டபிரசோல் உண்டு. எடை குறையவில்லை, பசி நன்றாக இருக்கிறது, மலத்தில் மாற்றமில்லை. எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது: உப்புசம் தொடங்கியதும் அந்த மாத்திரை சேர்ந்ததும் ஏறக்குறைய ஒரே காலம்.


மறுமொழி 4: மருந்தாளர், திருச்சி

ஐயா, நீங்கள் எழுதியதில் பாதி விடை இருக்கிறது.

நம் உணவிலுள்ள மாப்பொருளை அமைலேஸ் சிறு துண்டுகளாக்கிய பின், சிறுகுடலின் சுவரில் இருக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதிக்கூட்டம் அவற்றைக் குளுக்கோஸாக உடைத்தால்தான் இரத்தத்தில் ஏறும். வோக்லிபோஸ், அகார்போஸ் ஆகிய மருந்துகளின் வேலையே அந்தக் கடைசி நொதிகளைத் தடுத்து நிறுத்தி, சர்க்கரை மெதுவாக ஏறும்படி செய்வதுதான். உடைபடாமல் மிஞ்சுகிற பங்கு பெருங்குடலுக்குப் போகிறது. மல்லிகை அம்மா லாக்டோஸைப் பற்றிச் சொன்ன அதே கதை அங்கே சோற்றை வைத்து நடக்கிறது. உப்புசமும் வாயுவும் இந்த மருந்துகளுக்கு மிகச் சாதாரணமான பக்கவிளைவுகள். மெட்ஃபார்மினும் தன் பங்குக்குச் சிலருக்கு வயிற்றைப் புரட்டும்.

இப்போது அப்பா செய்வதைக் கவனியுங்கள். மாப்பொருள் செரிமானத்தைத் தாமதப்படுத்த ஒரு மாத்திரை விழுங்குகிறார். அதன் விளைவாக வரும் வாயுவுக்காக, மாப்பொருளைச் செரிக்க வைக்கும் ஒரு சிரப்பைக் குடிக்கிறார். அகார்போஸ் மருந்தின் குறிப்பேட்டில், அமைலேஸ் போன்ற நொதிகளையும் கரி மாத்திரைகளையும் உடன் சாப்பிட்டால் மருந்தின் வேலை குறையக்கூடும் என்றே எழுதியிருக்கிறது. வோக்லிபோஸும் அதே இனம். அதற்கு மேல், இத்தகைய சிரப்புகள் பலவற்றில் சுவைக்காகச் சர்க்கரைப் பாகு சேர்த்திருப்பார்கள். சர்க்கரையில்லாதவை என்று விற்பவற்றில் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அதுவே வாயுவை உண்டாக்கும். பேன்டபிரசோல் அமிலத்தைக் குறைத்துவிடுவதால் சிரப்பிலுள்ள பெப்சினுக்கு வேலை செய்யத் தக்க சூழலும் இல்லை. ஆகவே அப்பாவைப் பொறுத்தவரை இந்தச் சிரப் தேவையில்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஆனால் வோக்லிபோஸை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நீரிழிவு மருத்துவரிடம் இந்தக் கால ஒற்றுமையைச் சொல்லுங்கள். அளவைக் குறைத்துத் தொடங்குவது, வேறு மருந்துக்கு மாற்றுவது, உணவில் மாப்பொருளின் பங்கைக் குறைப்பது எனப் பல வழிகள் அவரிடம் உண்டு. இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை. இம்மருந்தோடு மற்ற நீரிழிவு மருந்துகளும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால், வீட்டுச் சீனியைக் கரைத்துக் கொடுத்தால் உடனே ஏறாது. சீனியை உடைக்கும் நொதியையும் இம்மருந்து தடுத்துவிடுகிறது. குளுக்கோஸ் பொடியை வீட்டில் வைத்திருங்கள்.


மறுமொழி 5: கணைய நோயாளி, நாகர்கோவில்

மேலே எழுதியவற்றைப் படிப்பவர்கள் 'நொதி மாத்திரை என்றாலே வீண்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் உயிரோடு நடமாடுவது அவற்றால்தான்.

எனக்கு 23 வயதில் கணையத்தில் கல் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். கேரளத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் இளம் வயதினரிடம் காணப்படும் இந்நோயை வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று சொல்வார்கள். கேரள மருத்துவர் கீவர்கீஸ் இந்நோயாளிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து விரிவாக எழுதியவர். கணையத்துக்குத் தாங்கும் திறன் மிக அதிகம். கொழுப்பை உடைக்கும் லைபேஸின் சுரப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பின்புதான் கொழுப்பு செரிக்காத அறிகுறி வெளியே தெரியும் என்று எனக்கு விளக்கினார்கள். எனக்குத் தெரிய வந்தபோது மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதந்தது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை; நன்றாகச் சாப்பிட்டும் ஓராண்டில் 14 கிலோ இளைத்திருந்தேன். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு, 100க்குக் கீழே போனால் கடுமையான குறைபாடு. எனக்கு 38 இருந்தது.

நான் சாப்பிடுவது பேன்கிரியேட்டின். பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த லைபேஸ், அமைலேஸ், புரோட்டியேஸ் மூன்றும் அதில் உண்டு. முழு உணவுக்கு 40,000 முதல் 50,000 லைபேஸ் அலகு, சிற்றுண்டிக்கு அதில் பாதி என்பதே என் மருத்துவர் எழுதித் தந்த அளவு. புட்டிக்குப் புட்டி அலகு வேறுபடும் என்பதால், 'ஒரு மாத்திரை' என்று யாராவது சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. லைபேஸ் அமிலத்தில் அழிந்துவிடும். அதனால்தான் குப்பிக்குள் (கேப்ஸ்யூலுக்குள்) இருக்கும் சிறு மணிகளுக்கு அமிலம் தாங்கும் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அந்த மணிகளை மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது. முதல் கவளத்தோடு ஒன்று, சாப்பாட்டின் நடுவில் ஒன்று எனப் பிரித்து விழுங்குகிறேன், உணவோடு கலந்து போக வேண்டும் என்பதற்காக. தொடக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் 'இதுவும் அதேதான், விலை குறைவு' என்று சொல்லிச் சாதாரண செரிமான மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதில் பூச்சும் இல்லை, போதிய லைபேஸும் இல்லை. ஒரு மாதத்தில் மூன்று கிலோ இறங்கிய பின்புதான் விவரம் புரிந்தது.

எடை காரணமின்றிக் குறைகிறது, மலம் மிதக்கிறது, மலத்தில் இரத்தம் அல்லது கறுப்பு நிறம், விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி என்று எது இருந்தாலும் சிரப் வாங்கப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். செரிமான மாத்திரைகள் சிலவற்றில் கரி சேர்த்திருப்பதால் மலம் கறுப்பாகும். உள்ளே இரத்தக்கசிவு இருந்தால் அது மறைந்துவிடும் என்று என் மருத்துவர் எச்சரித்திருக்கிறார்.


மறுமொழி 6: உணவியலாளர், கோவை

ஆல்ஃபா கேலக்டோசிடேஸைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி, துவரை ஆகியவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதர் எவருக்கும் குடலில் இல்லை. ஆகவே சுண்டல் சாப்பிட்டு வாயு வருவது நோயன்று. ஆஸ்பெர்கில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கும் இந்நொதியை முதல் வாயோடு சாப்பிட்டால் வாயு குறைவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது அச்சர்க்கரைகளை உடைத்துக் கேலக்டோஸையும் சேர்த்து வெளியிடுகிறது என்பதால், கேலக்டோஸை உடல் பயன்படுத்த முடியாத பிறவிக் குறைபாடான கேலக்டோசீமியா உள்ளவர்களுக்கு ஆகாது. நீரிழிவுக்காரர்களும் மருத்துவரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

அதைவிட எளிய வழி அடுப்படியிலேயே இருக்கிறது. பயறை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் இச்சர்க்கரைகளில் ஒரு பங்கு கரைந்து போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும், ஏனென்றால் முளைக்கும் விதையே தன் ஆல்ஃபா கேலக்டோசிடேஸைச் சுரந்து அவற்றைத் தின்கிறது. மாத்திரையில் விற்கும் அதே நொதியை விதை இலவசமாகத் தருகிறது என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.


மறுமொழி 7: வைகைக்கரை

நேற்று அப்பாவை நீரிழிவு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். சிரப்பை நிறுத்தச் சொன்னார்; வோக்லிபோஸை மதியத்துக்கு மட்டும் பாதி அளவாக்கி, மூன்று வாரம் கழித்துச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். வீட்டில் சுண்டல் தண்ணீரை இனிக் கொட்டிவிடுவோம். கடைசியாக ஒரு சந்தேகம்: அமெரிக்கப் புட்டியை அலமாரியின் மேல்தட்டில், அடுப்புக்கு அருகில்தான் வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது பயன்படுமா?


மறுமொழி 8: மருந்தாளர், திருச்சி

மருத்துவர் சொன்னது சரியான வழி. சர்க்கரையைக் குறித்த நாளில் தவறாமல் பார்த்துவிடுங்கள். புட்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். நொதிகள் புரதங்கள், சூட்டிலும் ஈரத்திலும் அவற்றின் வடிவம் சிதைந்துவிடும், வடிவம் போனால் வேலையும் போய்விடும். பெரும்பாலான நொதி மருந்துகளை 25 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் மதுரை வீட்டு அடுப்படி எவ்வளவு சூடு என்பது உங்களுக்குத் தெரியும். நாகர்கோவில் நண்பரும் தம் குப்பிகளை வண்டியின் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லாமல் இருந்தால் நல்லது.